பெயர் போடாத ஆசான்

அயோத்தியாப்பட்டணத்தில் ஊர்ப் பெருமை கேட்டால் கோதண்டராமர் கோயில் தூண்களில் தொடங்குவார்கள். சேலத்துக்குள் போனால் மாம்பழம், மாடர்ன் தியேட்டர்ஸ், இரும்பாலை. அந்தப் பட்டியலில் ‘நடை’ வந்து நான் கேட்டதில்லை. 1968 அக்டோபரில் சேலத்திலிருந்து புறப்பட்ட காலாண்டிதழ் அது. எட்டு இதழ்களோடு நின்றுபோனது. சிற்றிதழ்ப் பிரியர்கள் மட்டும் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் அதைத் தேடுகிறார்கள்.

நடையின் வேர் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’. 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடமாட்டேன் என்று அறிவித்துவிட்டு 1959 ஜனவரியில் அதைத் தொடங்கியவர் செல்லப்பா. விற்பனையைக் கூட்டத் துடிக்கும் பத்திரிகை உலகில் இப்படியும் ஒருவர்! 119 இதழ்கள் கொண்டுவந்தார். புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகவும் போனார். விமர்சனத்துக்கென்று ஆரம்பித்த பத்திரிகை புதுக்கவிதைக்குப் பள்ளிக்கூடமானது அவரே எதிர்பாராததாக இருக்கலாம். மூத்தவராக ந. பிச்சமூர்த்தி, பின்னால் பிரமிள், பசுவய்யா, வைத்தீஸ்வரன், சி. மணி. 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு அந்த வகுப்பின் வருகைப் பதிவேடு.

அந்த வகுப்பிலிருந்து வந்தவர்தான் நடையை நடத்தினார். சி. மணி (1936–2009) என்கிற பழனிச்சாமி, ஆங்கில விரிவுரையாளர், கவிஞர் எலியட்டில் ஊறியவர். பணமும் உழைப்பும் பெரும்பாலும் அவருடையவை. ஆசிரியர் என்று அச்சானதோ நண்பர் கிருஷ்ணசாமியின் பெயர். எழுதும்போதும் வே. மாலி, செல்வம் என்று மாறிமாறி ஒளிந்துகொண்டார். இதில் செல்வத்தை எனக்கு மிகவும் பிடிக்கும், அவர் யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தார். யாப்பை உதறியவர்கள் என்று புதுக்கவிதைக்காரர்களைப் பண்டிதர்கள் வைதுகொண்டிருந்த காலத்தில், அசையும் சீரும் தளையும் தெரிந்துகொண்டு உதறுங்கள் என்பது போலிருந்தது அது.

நடை யாருக்கு இடம் கொடுத்தது என்று பார்த்தால்தான் அதன் பெறுமதி தெரியும். ஞானக்கூத்தனின் தொடக்கக் கவிதையான ‘பிரச்னை’ அதில் வந்தது. சிறுகதை எழுதிக்கொண்டிருந்த ந. முத்துசாமியின் முதல் நாடகம் ‘காலம் காலமாக’வும் அதில்தான். இருவருமே மாயவரம் பக்கத்துக்காரர்கள். மேடையேறுமா என்று தெரியாத ஒரு நாடகத்துக்குப் பக்கங்களைத் தூக்கிக்கொடுக்க அன்றைக்கு எந்த வார இதழும் முன்வந்திருக்காது. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கினார். ஞானக்கூத்தன் 1970இல் வந்த ‘கசடதபற’ சிற்றிதழின் முக்கியக் குரலானார்.

செல்லப்பா வாதாடி வளர்த்த ஆசான். மணி பக்கம் ஒதுக்கிவிட்டு நகர்ந்துகொண்டவர். என் ஓட்டு மணிக்கு. ஆனால் வாதாட ஒரு செல்லப்பா இல்லாமல் அவர் உருவாகியிருக்கமாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எழுத்தாளர் வல்லிக்கண்ணன் உட்கார்ந்து சிறு பத்திரிகைகளின் கதையை எழுதிவைக்காவிட்டால் இந்த உறவுகளில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பின்னாளில் சேலம் பக்கத்து ஆசான் வேலை நாமக்கல்லுக்கு இடம் மாறியது. கல்லூரி ஆசிரியரான பெருமாள்முருகன் தம் வீட்டில் ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பு நடத்தினார். மாணவர்கள் கட்டுரை வாசிக்க, மற்றவர்கள் விவாதித்தார்கள். அந்த வட்டத்திலிருந்து 2013இல் ‘சாதியும் நானும்’ வந்தது. பெரும்பாலும் மாணவர்கள், சாதி தங்களை எங்கெல்லாம் தொட்டது என்று சொந்தப் பெயரில் எழுதிய கட்டுரைகள். பதிப்பாசிரியர் என்று பெருமாள்முருகன் பெயர் இருக்கிறது. சி. மணியாக இருந்தால் அதையும் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்.