சொன்னவருக்கே திருப்பிச் சொல்லாத ரவுட்டர்

கல்முனை, சம்மாந்துறை, வீரமுனை மூன்றிலும் ஒவ்வொரு ரவுட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கான வழியைச் சம்மாந்துறைக்குச் சொன்னதே கல்முனைதான். கல்முனையின் ஒலுவில் இணைப்பு அறுந்ததும், 'எனக்கு இரண்டு தாவல்தான்' என்று சம்மாந்துறை சொல்ல, கல்முனை நம்பி மூன்று என்கிறது; மற்றது நான்கு என்கிறது. ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறும், 1988இல் ஆவணமான ரிப் நெறிமுறையில் இந்த வீண்பேச்சு, 'எட்டாது' எனப் பொருள்படும் 16 வரை ஏறித்தான் ஓயும். கேட்ட திசையிலேயே திருப்பிச் சொல்லாதே என்ற விதி இதை முளையிலேயே கிள்ளுகிறது. அழகான மௌனம் அது. ஆனால் வீரமுனையும் சேர்ந்து முக்கோணமானால் வதந்தி சுற்றுவழியாக வந்துவிடுமே என்பது நியாயமான ஆட்சேபம். அந்த வகையில் வலையமைப்புகளுக்கிடையே ஓடும் பிஜிபியே மேல்: கடந்துவந்த வலையமைப்புகளின் எண்களை அறிவிப்பிலேயே சுமக்கிறது, அதில் தன் எண்ணைக் கண்ட ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். தரவுப் பொதிக்குத்தான் டிடிஎல் என்ற ஆயுள் வரம்பு இருக்கிறதே என்பார் சிலர். அது சுற்றும் பொதியைக் கொல்லும். பிழையான வழியைத் திருத்தாது.