மறுப்பும் மௌனமும்

ஐக்கிய அமெரிக்காவிலே பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை இழந்தவராகவே வாழ்கின்றார். தம்மால் பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என நிறுவுவோர் அவ்வுரிமையை மீளப் பெற விண்ணப்பிக்கலாம் எனக் கூட்டாட்சிச் சட்டம் கூறுகின்றது. காங்கிரசு அவ்வேற்பாட்டை நீக்கவில்லை. 1992 இல், விண்ணப்பங்களை ஆராயும் பணியகத்துக்கு அதற்கான நிதியை மாத்திரம் மறுத்தது. பின்னரும் ஆண்டுதோறும் அவ்வாறே செய்தது.

விளைவை 2002 ஆம் ஆண்டின் பீன் வழக்குத் தீர்ப்பிற் காணலாம். டெக்சாசைச் சேர்ந்த துப்பாக்கி வணிகர் ஒருவர் மெக்சிக்கோவுக்குட் சென்றபோது வாகனத்தில் ஏறத்தாழ 200 ரவைகள் இருந்தமையால் அங்கு தண்டிக்கப்பட்டார். தாயகத்தில் உரிமையை மீட்க அவர் அனுப்பிய விண்ணப்பம் ஆராயப்படாமலே திரும்பியது. ஆராயாமை மறுப்பாகாது, மறுப்பின்றேல் நீதிமன்றம் தலையிடலாகாது என உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. சட்டச் சொற்களைக் கொண்டு நோக்கின் தீர்ப்பிற் குறைகாண்பது கடினம். குறை காங்கிரசினது. தண்டனை பெற்றோர் கையில் ஆயுதம் மீளச் சேர்வதை அஞ்சியது நியாயமே. அஞ்சியோர் ஏற்பாட்டை வெளிப்படையாக நீக்கியிருக்கலாம். மறுப்பவர் காரணம் கூறவேண்டும், மேன்முறையீட்டுக்கும் முகங்கொடுக்கவேண்டும், மௌனத்துக்கு இரண்டுமில்லை. 2025 இல் நீதித் திணைக்களம் அவ்வதிகாரத்தைப் பணியகத்திடமிருந்து மீளப் பெற்றது. இது தடையைச் சுற்றிச் செல்லும் வழியேயன்றித் தடையின் நீக்கமன்று.