நகரச் சாலையில் பந்தயக் கிளட்ச்

கிளட்ச் வழுக்கவும் வேண்டும்; வழுக்கவும் கூடாது. வண்டி நகரத் தொடங்கும் ஓரிரு விநாடி அது பதமாக வழுக்கிக் கொடுத்தால்தான் என்ஜின் அணையாமலும் உள்ளே இருப்பவர்களின் தலை ஆடாமலும் கார் கிளம்பும். கிளம்பிப் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகோ அது துளியும் வழுக்கக் கூடாது. கார் நிறுவனம் பொருத்தித் தரும் கிளட்ச் இந்த இரண்டு வேலைக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். வெளியே வாங்கிப் பொருத்தும் ‘பெர்ஃபாமன்ஸ்’ கிளட்ச் இரண்டாவது வேலைக்காக முதலாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. இத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்ற ஓர் எண்தான் அங்கே இருக்கும். வாங்குகிறவர்களும் அந்த எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். என் குறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தேவை பொய்யல்ல. 2013-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியாவின் 2 லிட்டர் டீசலை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கணக்கில் 143 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ரீமேப் செய்தால், அதாவது என்ஜினின் கணினி நிரலை மாற்றி எழுதினால், முறுக்குவிசை 380-ஐத் தொடுவது சாதாரணம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் டீசலையே கைவிட்டது. ஆகவே இந்த ரக வண்டிகள் இன்று எப்படியும் கிளட்ச் மாற்றும் வயதில்தான் இருக்கின்றன. பட்டறைக்குப் போகிறவர், போனதுதான் போனோம், பலமானதாகப் போட்டுவிடலாமே என்று நினைப்பது இயல்பு.

கார் நிறுவனங்கள் பொதுவாக என்ஜினின் உச்ச முறுக்குவிசையைவிட 20 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாகத் தாங்கும்படி கிளட்சை அமைக்கின்றன. புது கிளட்சாக இருந்தால் இந்தக் கையிருப்பு ரீமேப்பையும் சமாளித்துவிடும். பிளேட் தேய்ந்து, சூடு கண்டு மேற்பரப்பு பளபளத்துவிட்டால் சமாளிக்காது. அப்போது முதல் கியரில் ஒன்றும் தெரியாது. ஐந்திலோ ஆறிலோ 2,000 சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் தெரியும்: சுற்று காட்டும் முள் எகிறும், வேகம் காட்டும் முள் அசையாது, கருகல் வாடை உள்ளே வரும். இருவழிச் சாலையில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் உயிர்ப் பிரச்சினை. இந்த நிலையில் இருப்பவர் பலமான கிளட்சைத் தேடுவதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது.

கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிரஷர் பிளேட் அழுத்தும் பலம், லைனிங்கின் உராய்வு, உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, பிளேட்டின் சராசரி ஆரம். ஆரத்தைப் பெரிதாக்க, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் இடமில்லை. மீதி மூன்றில்தான் கைவைக்க முடியும், எதில் கைவைத்தாலும் அதற்குரிய கூலி உண்டு.

அழுத்தத்தைக் கூட்டுவது எளிய வழி. டயாஃப்ரம் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் போதும். ஆனால் அந்த ஸ்பிரிங்கை ஒவ்வொரு முறையும் தள்ளுவது ஓட்டுகிறவரின் இடது கால். அழுத்தம் 30 சதவீதம் கூடினால் பெடலும் ஏறத்தாழ அவ்வளவு கனக்கும். சென்னை ஓ.எம்.ஆரில் மாலை ஆறு மணிக்கு அடிக்கொரு தரம் மிதித்து விடுகிறவருக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நெம்புகோல் அமைப்பை மாற்றிப் பெடலை இலகுவாக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. அங்கே பெடலின் ஓட்டம் நீளும், அல்லது கிளட்ச் முழுதாக விடுபடாமல் ரிவர்ஸ் கியர் நறநறக்கும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூலியும் இருக்கிறது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தாங்கி நிற்பவை மெல்லிய த்ரஸ்ட் பேரிங்குகள். சிக்னலில் கியரைப் போட்டுக்கொண்டு பெடலை மிதித்தபடியே நிற்கும் பழக்கமுள்ளவர் கெட்டி ஸ்பிரிங் போட்டால், என்ஜினின் அடிவயிற்றில் கைவைக்கிறார் என்று பொருள். நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுக்கப் பழகாதவருக்கு இந்த வழி ஆகாது.

இரண்டாவது வழி லைனிங்கை மாற்றுவது. கம்பெனி கிளட்சில் இருப்பது ஆர்கானிக் எனப்படும், பிசினும் இழைகளும் சேர்த்து இறுக்கிய முழு வட்ட லைனிங். அதன் இடத்தில் செராமிக்கும் உலோகப் பொடியும் கலந்து சுட்ட வில்லைகளைப் பதித்தால் அதுதான் நம் பட்டறைகளில் சொல்லும் பட்டன் கிளட்ச். பட்டன் புதுமையும் அல்ல, அந்நியமும் அல்ல. சில லாரிகளிலும் பல டிராக்டர்களிலும் இருப்பது இதுதான். கலப்பையை இழுக்கும் டிராக்டருக்கு அது பொருத்தமான தேர்வு. சூட்டுக்கு அசராது, ஆர்கானிக் பிடியை இழக்கும் வெப்பத்திலும் பிடிக்கும். டிராக்டர் ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பினால் வயலில் யாரும் புகார் சொல்லப்போவதில்லை.

காரில் அந்தக் குலுக்கல் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த விவகாரத்தின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. சாதாரண கிளட்ச் பிளேட்டில் இரண்டு பக்க லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். பிரஷர் பிளேட் நெருங்க நெருங்க அவை மெல்ல அமுங்கும். அமுங்குவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். நாம் ‘ஹாஃப் கிளட்ச்’ என்று சொல்லும் நிலை முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது. பல பட்டன் பிளேட்டுகளில் இந்தத் தகடுகளே கிடையாது. தொட்டதும் பிடி, விட்டதும் விடுதலை. அத்தோடு உராய்வின் குணமும் சேர்ந்துகொள்கிறது. செராமிக் வில்லைகளில் பொதுவாக வழுக்கும் வேகம் குறையக் குறைய உராய்வு கூடுகிறது. பிளேட் பிடிக்கப் போகும் தருணத்தில் பிடி சட்டென்று இறுகும், கார் முன்னே துள்ளும், வேக வித்தியாசம் மாறும், பிடி தளரும், மறுபடி இறுகும். விநாடிக்குப் பத்து முறை போல நடக்கும் இந்த இழுபறிதான் இருக்கை வழியே நமக்குத் தெரியும் அதிர்வு. ஓட்டுகிறவரின் கைப்பழக்கம் இதைக் குறைக்கும், நீக்காது.

இங்கே ஒரு கணக்கு. என்ஜினை ஒரே சுற்றில் வைத்துக்கொண்டு சமதளத்தில் காரைக் கிளப்பினால், கார் பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ அதே அளவு சூடு கிளட்சில் பிறக்கும். கிளட்ச் எந்தப் பொருளால் ஆனது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. 1,200 கிலோ காரில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்துவிட்டால் சூடு சுமார் 4.6 கிலோ ஜூல். அணைந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று மடங்கு சுற்றில் முறுக்கிக் கிளப்பினால், பிடி விழும்போது வேகம் 30 கிலோமீட்டர், சூடு 41 கிலோ ஜூலுக்கும் மேல். வேகம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. கரடுமுரடான கிளட்ச் ஓட்டுகிறவரைச் செய்யவைப்பது இதைத்தான். எந்தச் சூட்டைத் தாங்குவதற்காக வாங்கினாரோ, அந்தச் சூட்டில் பெரும்பகுதியை அந்தக் கிளட்சே உண்டாக்கிக்கொள்கிறது. கூடவே, பிளேட் உராயும் ஃப்ளைவீலின் முகத்தையும் அரித்துத் தின்னும்.

கெவ்லார் லைனிங் நடுவழிபோலத் தோன்றும். நீண்ட நாள் உழைக்கும், மென்மையாகப் பிடிக்கும். ஆனால் தயாரிப்பாளர்கள் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர்போல, முழுச் சக்தியைக் காட்டாமல் ஊருக்குள் ஓட்டிப் பழக்கச் சொல்வார்கள். புதுக் கிளட்ச் போட்ட மறுநாளே யாரிடமாவது காட்ட வேண்டும் என்று துடிக்கும் வயதில் அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. அவசரப்பட்டுச் சூடாக்கினால் மேற்பரப்பு கண்ணாடிபோல ஆகிவிடும், பிறகு பிடிப்பது கடினம்.

மூன்றாவது வழி பரப்புகளைக் கூட்டுவது. ஒரு பிளேட்டுக்குப் பதில் இரண்டு போட்டால் உராயும் முகங்கள் இரண்டிலிருந்து நான்காகும். அதே அழுத்தத்தில் தாங்கும் அளவு இருமடங்காகும். பெடல் கனக்காது, ஆர்கானிக் லைனிங்கையே வைத்துக்கொள்ளலாம். பெடலை மிதித்திருக்கும்போது நடுத்தகடு கிலுகிலுக்கும், அவ்வளவுதான். பொறியியலாகப் பார்த்தால் மூன்றில் நேர்மையான தீர்வு இதுதான் என்பேன். விலை அதைப் பெரும்பாலோரின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது.

ஃப்ளைவீல் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் சிக்கனம் தனிக் கதை. டூயல் மாஸ் ஃப்ளைவீலை 1980-களில் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெர்மனியின் லூக் நிறுவனத்துக்கு ஓசூரிலேயே ஆலை உண்டு. இரண்டு கனங்களுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த அந்த அமைப்பு, டீசல் என்ஜினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்கிறது. விலை அதிகம் என்பதால் பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் போடும்போதே அதைக் கழற்றிவிட்டு ஒற்றை இரும்பு ஃப்ளைவீலுக்கு மாறுகிறார்கள். அப்போது அதிர்வு ஒத்திசையும் இடம் ஐடிலுக்குக் கீழிருந்து மேலேறி, பொதுவாக 1,200 முதல் 2,400 சுற்றுக்குள் வந்து உட்காரும். டீசல் கார் நாள் முழுக்க ஓடுவது அந்தச் சுற்றில்தான். நின்றால் கியர்பாக்ஸ் கடகடக்கும், மெதுவாக இழுத்தால் கர்ரென்று உறுமும். பிளேட்டின் ஹப்பில் ஸ்பிரிங்கும் இல்லாவிட்டால் கியர் பற்கள் அந்த அடியை நேராக வாங்கும்.

கம்பெனி கிளட்ச் ஒரு ஃபியூஸும்கூட என்பதை மறந்துவிடுகிறோம். அளவுக்கு மீறினால் அது வழுக்கி, கியர்பாக்ஸையும் டிரைவ் ஷாஃப்ட்டையும் காப்பாற்றுகிறது. வழுக்கவே வழுக்காத ஒன்றை வைத்தால் அடுத்த பலவீனமான உறுப்பு எதுவோ அது உடையும். கிளட்ச் செட்டைவிடக் கியர்பாக்ஸ் விலை அதிகம்.

சாதகங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் நல்ல பெர்ஃபாமன்ஸ் கிளட்ச் தரும் உறுதி தனி. ஆக்சிலரேட்டரில் கால் வைத்ததும் இழுவை முழுதாகச் சக்கரத்துக்குப் போகிறது. கியர் மாற்றும்போது தயக்கமில்லை. பட்டன் பிளேட் எடை குறைவாக இருப்பதால் வேகமாகக் கியர் மாற்றும்போது சிங்க்ரோ வளையங்களுக்கு வேலையும் குறைவு. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவையின் காரியிலோ பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு இது வேண்டியதே. பந்தயத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது பெரும்பாலும் ஒரே தடவை. அண்ணா சாலையில் ஒரு சிக்னலைக் கடக்கவே நாலு தடவை கிளம்ப வேண்டும். தடத்துக்காகச் செய்த பொருளைத் தெருவில் வைத்துக் குறை சொல்வது நியாயமல்ல. தடத்தின் பெயரைச் சொல்லித் தெருவில் விற்பதும் நியாயமல்ல.

விற்பனையில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது: ஸ்டேஜ் 1, 2, 3 என்ற எண்கள். இவற்றுக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஜப்பானின் எக்ஸெடி ஸ்டேஜ் 1 என்றால் ஆர்கானிக், ஸ்டேஜ் 2 என்றால் செராமிக் என்று வைத்திருக்கிறது. வேறொரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2-இல் கெவ்லார் இருக்கும். எண் பெரிதானால் நல்லது என்று நினைத்து வாங்குகிறவர் என்ன வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்குகிறார். ரீமேப்பிலும் ‘ஸ்டேஜ் 2’ என்று ஒன்று இருப்பதால் இரண்டும் ஜோடி என்று நம்புகிறவர்கள் வேறு.

கார் ஒருவருடையது மட்டுமல்ல என்பதும் கணக்கில் வர வேண்டும். அப்பா ஓட்டுவார், மனைவி ஓட்டுவார், கல்யாணத்துக்கு வெளியூர் போக ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவோம். அவர் தெரு முனை திரும்புவதற்குள் இரண்டு தடவை அணைத்துவிட்டு, “சார், கிளட்ச் போயிடுச்சு போல” என்பார். லட்சத்தை ஒட்டிச் செலவழித்தவருக்கு அதைக் கேட்கும் வயிற்றெரிச்சல் தனி.

ஆகவே என் தீர்ப்பு. தெருவில் ஓடும் காருக்கு முழு வட்ட ஆர்கானிக் லைனிங், ஸ்பிரிங் வைத்த ஹப், நடுவே அலைத்தகடு, கம்பெனியைவிட 15 முதல் 25 சதவீதம் கூடுதல் அழுத்தம், பழைய டூயல் மாஸ் ஃப்ளைவீல் அப்படியே. இதற்கு மேல் தேவைப்படும் அளவுக்கு என்ஜினைக் கூட்டியவர் பணம் சேர்த்து இரட்டைப் பிளேட்டுக்குப் போகட்டும். பட்டன் கிளட்ச் தெருவுக்கு வேண்டாம்.

செலவே இல்லாத வழியும் ஒன்றுண்டு, அதை ஏனோ யாரும் கேட்பதில்லை. கிளட்சைத் திணறடிப்பது குதிரைத்திறன் அல்ல, கீழ்ச் சுற்றில் குவியும் முறுக்குவிசை. ரீமேப் செய்கிறவரிடம் 2,500 சுற்றுக்குக் கீழே 40 நியூட்டன் மீட்டரைக் குறைத்து எழுதச் சொன்னால், மேல்சுற்றில் கிடைக்கும் உச்சத் திறன் குறையாது. தேயாத கம்பெனி கிளட்சே போதுமானதாகிவிடும். முதலில் அதைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால், அதே கிளட்ச் போட்ட ஒருவரின் காரை இரவல் வாங்கி, அடுக்குமாடியின் கீழ்த்தளச் சரிவில் ரிவர்ஸில் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். பிறகு முன்பணம் கொடுங்கள்.