வேலியும் சூதும்

காவலுக்கென்று வைத்ததே அழிவுக்குக் காரணமாகுங்கால், ‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்பது தமிழ் வழக்கு. 2004ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சிங்கப்பூரில் சரிந்த சைனா ஏவியேஷன் ஆயில் நிறுவனத்தின் வரலாற்றுக்கும் இப்பழமொழி பொருந்துவதாக முதற்பார்வையில் தோன்றும். விலையின் ஏற்றத்தாழ்வினின்றும் வாணிகத்தைக் காப்பதற்கென ஏற்பட்ட ஒப்பந்த முறையே அந்நிறுவனத்தை விழுங்கிற்று அல்லவா? ஆயின், அங்கே மேய்ந்தது வேலிதானா என்பது ஆராயத்தக்கது.

நிகழ்ந்தது சுருக்கமாக இது. சீன நாட்டிற்கு வேண்டிய வானூர்தி எரிபொருளை வெளிநாடுகளில் வாங்கி அனுப்புவதே இந்நிறுவனத்தின் தொழில். அந்த இறக்குமதி ஏறத்தாழ முழுவதும் அதன் கையிலேயே இருந்தது. 2001 டிசம்பரில் அதன் பங்குகள் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தைக்கு வந்தன. 2003இல் எண்ணெய் உரிமை ஒப்பந்தங்களில் ஊக வாணிகம் தொடங்கிய நிறுவனம், முதலில் ஆதாயமும் கண்டது. அவ்வாண்டின் இறுதியில், விலை இனி இறங்கும் என்று கணித்தது. விலையோ ஏறியது. 2004 அக்டோபரில் நியூயார்க் சந்தையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 55 அமெரிக்க வெள்ளியைத் தொட்டது. ஏறத்தாழ 55 கோடி அமெரிக்க வெள்ளி நட்டம் என்று அறிவித்த நிறுவனம், நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. தலைமை நிருவாகியாயிருந்த சென் ஜியூலின் 2006 மார்ச்சில் நான்காண்டு மூன்று திங்கள் சிறைத்தண்டனை பெற்றார்.

இவ்வீழ்ச்சிக்கு மூவகைக் காரணம் கூறலாம். ஒரே மனிதரின் பேராசையே காரணம் என்பது ஒன்று. கணிப்பில் பிழையில்லை, இன்னும் சில வாரம் தாங்கியிருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கும் என்பது மற்றொன்று. எண்ணெயின் வருங்கால விலைமேல் எழுதப்படும் ஒப்பந்தம் யாவும் சூதே, அதனை அடியோடு ஒழித்தல் வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றை எடை போடுமுன் வேலி என்பது யாதெனத் தெளிதல் வேண்டும்.

வேலி என்றால் உள்ளே பயிர் இருத்தல் வேண்டும். ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவர், மூன்று திங்கள் கழித்துத் தம் மரங்கள் தரப்போகும் ரப்பருக்கு இன்றே விலை பேசி ஒப்பந்தம் செய்துகொள்கிறார் எனக் கொள்க. விலை இறங்கினால் ஒப்பந்தம் அவரைக் காக்கும். ஏறினால் மிகுதி ஆதாயத்தை இழப்பார். எனினும் கொடுத்த சொல்லைக் காப்பதற்கு ரப்பர் அவரிடம் இருக்கும். இது வேலி. ஒரு மரமும் இல்லாதவர் அதே ஒப்பந்தத்தை எழுதினால் அது பந்தயம். தாளும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. வேறுபாடு தோட்டத்தில் இருக்கிறது.

எண்ணெய் வாங்குவோர் அஞ்சுவது விலையேற்றத்தை. அவர்கள் சிறு கட்டணம் கொடுத்து, குறித்த விலைக்கு ‘வாங்கும் உரிமை’யைப் பெறலாம். விலை எவ்வளவு ஏறினும் அவ்வுரிமை காக்கும்; ஏறாவிடின் கட்டணம் மட்டுமே போகும். இந்நிறுவனமோ அவ்வுரிமையைப் பிறருக்கு விற்றது. விற்றவருக்கு வருவது கட்டணம் ஒன்றே. விலை ஏறினால் அவர் இழப்புக்கு எல்லை இல்லை. 2004 அக்டோபரில் இவ்வாறு நிலுவையிலிருந்த ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 5 கோடியே 20 இலட்சம் பீப்பாய்க்கு உரியவை. நிறுவனம் ஓராண்டில் இறக்குமதி செய்த எரிபொருளையே விஞ்சிய அளவு அது. ஆகவே பழமொழி இங்கே பொருந்தாது. மேய்ந்தது வேலி அன்று. வேலியின் வரிசையில் நின்ற வேறொன்று.

இனி, பேராசை என்னும் காரணத்தைப் பார்க்கலாம். பேராசை இருந்திருக்கலாம். ஆயினும் அதனைத் தடுப்பதற்கென்றே விதிநூல் இருந்தது. இடரைக் கண்காணிக்கும் குழு இருந்தது. நட்டத்திற்கு வரம்பும் இருந்தது. அவை ஏன் ஒலி எழுப்பவில்லை? விடை கணக்கேட்டில் உள்ளது. ஒருவர் 45 வெள்ளிக்கு எண்ணெய் தருவதாக ஓராண்டு உரிமையை விற்றிருக்கிறார். இன்றைய விலை 40 வெள்ளி எனக் கொள்க. இன்று அவரிடம் வந்து வாங்குவார் இல்லையாதலால் கடனே இல்லை என்று எழுதுவது தவறு. ஓராண்டு எஞ்சி நிற்கிறது. அச்சுமையை ஏற்க மற்றொரு வணிகர் 3 வெள்ளி கேட்பாராயின், அந்த 3 வெள்ளி இன்றே கடன்தான். எஞ்சிய காலத்துக்குரிய இம்மதிப்பை நிறுவனம் கணக்கில் சேர்க்காது விட்டதைச் சிறப்புத் தணிக்கையாளர் 2005இல் சுட்டினர். நட்டம் ஏட்டில் ஏறாதபோது வரம்பு எதனைத் தடுக்கும்? நெருங்கிவந்த தவணையின் இழப்பை மறைக்க, மேலும் நீண்ட தவணைக்கு மேலும் பெரிய அளவில் உரிமைகள் விற்கப்பட்டன. வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க மேலும் கடன் வாங்கிய குடும்பத்தின் நிலை அது.

இதன் தீமை நிறுவனத்தோடு நிற்கவில்லை. 2004 அக்டோபரில், சீனாவிலுள்ள தாய் நிறுவனம் தன்னிடமிருந்த பங்குகளில் ஒரு பகுதியை, உள்ளிருந்த நட்டத்தை வெளியிடாமலேயே விற்றது. வாங்கியோர் கண்கட்டி வாங்கினர். அதற்காகத் தாய் நிறுவனம் 2005இல் 80 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி தண்டம் செலுத்த நேர்ந்தது.

காத்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது அடுத்த வாதம். 2004 டிசம்பரில் எண்ணெய் 45 வெள்ளிக்கும் கீழே இறங்கியது உண்மை. 2005 ஆகஸ்டு இறுதியில் அதே எண்ணெய் 70 வெள்ளியைத் தாண்டியதும் உண்மை. நிறுவனம் விற்றிருந்த உரிமைகளில் பல 2005க்கும் அப்பால் நீண்டவை. காத்திருந்தால் பள்ளம் ஆழ்ந்திருக்குமேயன்றித் தூர்ந்திராது. அன்றியும், விலை எதிராகச் செல்லச் செல்ல அன்றாடம் பிணைப்பணம் கட்டவேண்டும். கட்டுதற்குப் பணம் இல்லாதவருக்குக் காத்திருக்கும் உரிமையும் இல்லை.

இறுதியாக, அனைத்தும் சூது என்போர் கருத்து. இதற்கு மறுமொழியும் சிங்கப்பூரிலேயே உண்டு. அந்நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவினால் பிறப்பது. 2021இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை கடுமையாக உயர்ந்தது. மொத்த மின்சார விலையும் உயர்ந்தது. இல்லத்தாருக்கு மாறாத கட்டணத்தில் மின்சாரம் தருவதாக வாக்களித்திருந்த சில்லறை விற்பனையாளர் சிலர், அவ்வேற்றத்தைத் தாங்கமாட்டாது தொழிலை விட்டகன்றனர். வாங்கும் விலை மாறுவது, விற்கும் விலை மாறாதது. இவ்விரண்டுக்கும் இடையே போதிய காப்பின்றி நிற்பவர் ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிடாமலே சூதாடுகிறார். எல்லா ஒப்பந்தங்களையும் ஒழித்தால் சூது ஒழியாது; வேலிதான் ஒழியும்.

எனவே, தமிழில் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுதல் நன்றன்று. ஒன்றனைக் ‘காப்பு’ என்றும் மற்றதனை ‘ஊகம்’ என்றும் பிரித்து வழங்குதலே தக்கது. இரண்டையும் ஒரு பெயரில் அடைத்தால் நேர்மையாகக் காப்புத் தேடுவோனுக்கு இழுக்கு. சூதாடுவோனுக்கோ அது மறைவிடம். வாணிகம் பயிலும் மாணவர், எத்தகைய ஒப்பந்தத்தைக் கண்டாலும் இரண்டு வினாக்களை எழுப்பப் பழகுதல் வேண்டும்: இவ்வேலிக்குள் உள்ள பயிர் யாது? இன்றே கணக்கை முடித்தால் கொடுக்கவேண்டியது எவ்வளவு? அந்நிறுவனத்தில் இவ்விரு வினாக்களுக்கும் காலத்தே உண்மையான விடை எழுதப்பட்டிருப்பின், 55 கோடி வெள்ளி வரை சென்றிராது.