பல் வைத்தியமும் பாதிக் கதைகளும்

என் அண்ணன் பெண்ணுக்குப் பதினாறு வயது. மேல்வரிசைப் பல் கொஞ்சம் எடுப்பு, கீழ்வரிசையில் நெருக்கம். கிளிப் போட்டுவிடுவது என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது. டாக்டர் வாயைப் பார்த்தார், அச்சு எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். கோரைப்பல்லுக்கு அடுத்தாற்போல் இருக்கும் சின்னக் கடைவாய்ப்பற்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நாலு பல்லை எடுத்துவிட்டுத்தான் கம்பி கட்ட வேண்டும் என்றார். அன்று இரவு முழுவதும் அவள் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். காலையில், "சித்தப்பா, பல்லை எடுத்தா முகமே உள்ள போயிடுமாம். நான் மாட்டேன்" என்றாள்.

அண்ணா என்னிடம், "நீ எழுதறவன். அவ படிக்கிறதை எல்லாம் நீயும் படிச்சுப் பாரு. எது நிஜம்னு சொல்லு" என்றார். எழுதுகிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அவள் குறித்து வைத்திருந்தவற்றை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்; படங்களையும் பார்த்தேன். ஒரு நாவலைப் படித்துவிட்டு என் அபிப்ராயத்தைச் சொல்வதைப் போலத்தான் இதையும் சொல்கிறேன்.

வைத்தியசாலைகள் தாமே வெளியிடும் பக்கங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். அவை விளம்பரம். ஜவுளிக்கடை நோட்டீசுக்கு யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. கவனிக்கத் தகுந்தவை, கிளிப் போட்டுக்கொண்டவர்கள் தாங்களே சொல்பவை. அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பெண் நாள்வாரியாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். முதல் நாள் ஒன்றும் வலிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறாள். மறுநாள் இட்லிகூட மெல்ல முடியாமல் கஞ்சி குடிக்கிறாள். கம்பியின் நுனி கன்னத்தைக் குத்துகிறது. டாக்டர் கொடுத்த மெழுகை உருட்டி அதன்மேல் அப்புகிறாள். கல்யாண வீட்டில் எல்லோரும் முறுக்கு கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாயசத்தோடு எழுந்து வருகிறாள். ஐந்தாம் நாள் வலி குறைந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை. வேறு எதையோ பேசப் போய்விடுகிறாள். இந்தக் கடைசி விஷயத்தில் நல்ல எழுத்தின் சாயல் இருக்கிறது. டாக்டர் கொடுத்த தாளில் "சில நாட்கள் லேசான அசௌகரியம் இருக்கலாம்" என்று அச்சடித்திருந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் என் அண்ணன் பெண் அந்தத் தாளை ஒரு தடவை படித்தாள். இந்தப் பெண்ணை நாலு தடவை பார்த்தாள்.

இப்படிப்பட்டவை கொஞ்சம்தான். மற்றவை பெரும்பாலும் இரண்டு படங்கள். முன்னால் இப்படி இருந்தேன், பின்னால் இப்படி ஆனேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ இருந்ததே, அது எங்கே போயிற்று என்று தெரியாது. நாவல் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. பல் நகர்வது என்பதே காலத்தினால் ஆகிற காரியம். கம்பி செய்வதெல்லாம் லேசாக அழுத்திக்கொண்டிருப்பது ஒன்றுதான். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு உண்டாகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு. அவசரப்பட்டு முறுக்கினால் வேருக்குத்தான் ஆபத்து. இந்த மந்தகதிதான் கதை. இரண்டு படக்காரர்கள் அதைத்தான் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். இதைப் பார்த்துப் பழகிய பெண் மூன்றாவது மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து, "எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே ஆகலை?" என்று கேட்கிறாள் என்றால் அது அவள் குற்றமில்லை.

முடிவும் அப்படியே. எல்லாக் கதைகளும் கம்பியைக் கழற்றும் தினத்தில் முடிந்துவிடுகின்றன. பழைய சினிமாவில் தாலி கட்டியதும் 'சுபம்' போடுவதைப் போல. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் நார்கள் பழைய இடத்துக்கே அதை இழுக்கப் பார்க்கும். அதனால் ரிடெய்னர் என்கிற ஒன்றை வருஷக்கணக்கில், பலர் ராத்திரிதோறும், மாட்டிக்கொண்டாக வேண்டும். அதை மாட்டிக்கொள்ளச் சோம்பி, செலவழித்த பணமும் பட்ட வலியும் வீணானவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கதையைச் சொல்வது அபூர்வம். தோற்றவன் கதையை அவனே சொல்ல வெட்கப்படுவது இயல்புதானே!

அமெரிக்காவில் ஸ்மைல்டைரக்ட்கிளப் என்று ஒரு கம்பெனி 2014-இல் ஆரம்பமாயிற்று. டாக்டரை நேரில் பார்க்கவே வேண்டாம், பல்லுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறைகள் தபாலில் வரும் என்றது. 2023 செப்டம்பரில் திவால் மனுக் கொடுத்து, டிசம்பரில் அடியோடு மூடிவிட்டது. பாதி நகர்ந்த பற்களோடு நின்றவர்கள் அடுத்த அத்தியாயத்துக்கு எங்கே போவார்கள்? இதைவிட மோசமானது ஒன்றும் உண்டு. முன்பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மூட, சாதாரண ரப்பர் வளையத்தைத் தாமே மாட்டிக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். வேர் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் வளையம் ஈறுக்குள் நழுவி மேலே ஏறிவிடும், பல்லே விழுந்துவிடுவதுண்டு. இதை விமரிசனம் செய்யக்கூடாது, தடுக்கத்தான் வேண்டும்.

வைத்தியர்களும் விமரிசனம் செய்யாமல் இல்லை. 1990-களின் கடைசியில் ஆக்ஸ்போர்டில் டிஸ்சர்ன் என்று ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். 1997-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகை நாலு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: யார் எழுதினார், எதை ஆதாரமாகக் கொண்டார், பின்னால் யாருடைய பணம் இருக்கிறது, எப்போது எழுதினார். பல் சீரமைப்பைப் பற்றி இணையத்தில் உள்ளவற்றை இந்த அளவுகோல்களால் அளந்து, தரம் போதவில்லை என்று பல ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நல்ல வேலைதான். ஆனால் என் கஞ்சிக்காரி இந்தப் பரீட்சையில் நிச்சயம் பெயிலாகிவிடுவாள். அவள் எந்த ஆதாரத்தையும் காட்டவில்லை. வேறு சிகிச்சைகளைப் பற்றிச் சொல்லவில்லை. தன் பட்டப்பாட்டைத்தான் சொன்னாள். மார்க் போடுகிறவர்கள் தகவலைத் தேடுகிறார்கள். பதினாறு வயதுப் பெண் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் துணையைத் தேடுகிறாள். துணையாக வந்தவர்களில் ஒருத்தி சொன்னதுதான் முகம் உள்ளே போய்விடும் என்ற பேச்சு.

அந்தப் பேச்சின் மூலத்தைத் தேடிக்கொண்டு போனேன். போன இடத்தில் ஒரு பெரிய நாவலே கிடந்தது. எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் கோணல் கடிகளை 1899-இல் மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் பல் டாக்டர்கள் அந்த வகைகளைத்தான் சொல்கிறார்கள். பிறந்ததோடு வாய்த்த பற்கள் அத்தனையும் வாயில் இருந்தாக வேண்டும், அவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்திவிட்டால் முகம் தானே இசைந்து வரும் என்பது அவர் சித்தாந்தம். கால்வின் கேஸ் என்பவர் மறுத்தார். 1911-இல் பல் டாக்டர்களின் சபையிலேயே பலத்த வாதம் நடந்தது. வெகுகாலம் ஆங்கிளின் கட்சிதான் ஓங்கியிருந்தது. 1930-இல் அவர் காலமானார். அவருடைய சிஷ்யர் சார்லஸ் ட்வீட், அரிஸோனாவில், குரு சொன்னபடியே பல்லை எடுக்காமல் சில வருஷங்கள் வைத்தியம் செய்தார். பிறகு தம் நோயாளிகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். பலருக்குப் பற்கள் மறுபடி கோணியிருந்தன. உதடுகள் முன்னால் தள்ளியிருந்தன. பணம் வாங்காமல், நாலு பல்லை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தியம் செய்து, 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் முடிவுகளைச் சகாக்கள் முன்னால் வைத்தார். குருவின் வாக்கைக் குருவின் நோயாளிகளை வைத்தல்ல, தன் நோயாளிகளை வைத்தே பொய்யாக்கிய சிஷ்யன்! நம்மில் யாராவது இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்திருக்கிறோமா? அப்புறம் பல்லை எடுப்பதே வழக்கமாகி, அளவு மீறி, 1970-க்குப் பிறகு அதுவும் குறைந்தது.

நூறு வருஷத்துச் சண்டையில் ஒரு கட்சியின் ஒரு வசனம், தேதியும் இல்லாமல் பேசியவன் பெயரும் இல்லாமல், ஒரு பெண்ணின் கைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எடுப்பில்லாத, சப்பையான முகத்தில் பல்லை எடுத்தால் உதடு இன்னும் ஒடுங்கக்கூடும், அது மெய்தான். எடுப்பான முகத்தில் உதடு சில மில்லிமீட்டர் பின்வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் பல்லையே எடுக்கிறார்கள். எந்த முகம் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் மோசம். ஆங்கிள் லட்சிய முகமாகக் காட்டியது அப்பல்லோவின் சிலையை. இவள் பார்த்த படங்களில் இருந்தவையும் அநேகமாக வெள்ளைக்காரர்களின் முகங்களே. நம் பக்கத்தில் இரு வரிசையும் எடுப்பாக இருப்பது சகஜம். நாலு பல்லை எடுப்பதும் சகஜம்.

இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டாயா என்றேன். முதல் நாளே கேட்டாளாம். "கண்டதையெல்லாம் படிக்காதே" என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு அவரைவிட அதிகக் கோபம். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் மறுபடி எதைப் படிப்பாள்? இனிமேல் படித்ததை அவரிடம் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

நானும் அவளும் உட்கார்ந்து ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்றேன். அதைப் பார்த்தாலே டாக்டர்களுக்கு முகம் மாறிவிடுகிறது. தாளைப் பார்த்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கவாட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, மூக்கு நுனியிலிருந்து மோவாய்வரை பென்சிலால் ஒரு கோடு போட்டார். உன் உதடு இந்தக் கோட்டுக்கு இவ்வளவு வெளியே இருக்கிறது, இவ்வளவு உள்ளே வரும் என்று காட்டினார். நாலாவது கேள்வி, "மில்லிமீட்டர் கணக்காக இப்போதே சொல்ல முடியுமா?" என்பது. "முடியாதும்மா. சுமாராத்தான் சொல்ல முடியும்" என்றார்.

வெளியே வந்ததும் அவள், "நாலாவதுக்குத்தான் சித்தப்பா சரியா பதில் சொன்னார்" என்றாள்.

மேலே இரண்டு பல்லையும் எடுத்தாகிவிட்டது. கீழே உள்ளவை வருகிற சனிக்கிழமை. குறித்து வைத்திருந்தவற்றில் பலவற்றை அழித்துவிட்டாள். கஞ்சிக்காரியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.