கொரிய மொழிக் கல்வியின் இடைநிலை: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

ஒரு பிறமொழியைக் கற்கும் தேவை கற்பவரின் விருப்பினால் மாத்திரம் எழுவதன்று. அவர் சார்ந்த சமூகம் உலகப் பொருளாதாரத்திலே பெற்றுள்ள இடமே அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. இலங்கையிலே கொரிய மொழி பரவியமையும் இவ்வாறே. அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டின்வழி வெளிநாட்டுத் தொழிலாளரைப் பெறும் முறையினைத் தென்கொரியா 2004ஆம் ஆண்டிலே தொடக்கியது. இலங்கையும் அதில் இணைந்தது. தொழிற்சாலை, விவசாயம், மீன்பிடி, கட்டட வேலை ஆகியவற்றுக்குச் செல்ல விழைவோர் முதலில் ஒரு மொழித் தேர்விலே சித்தியடைதல் வேண்டும். வாசித்து விளங்குதலும் கேட்டு விளங்குதலுமே அத்தேர்வின் பொருள். எழுதும் ஆற்றலுக்கு அங்கு இடமில்லை.

வன்னிப் பெருநிலப்பரப்பின் இளைஞருக்கு இவ்வழி 2009இன் பின்னரே முழுமையாகத் திறந்தது எனலாம். போரிலே வயலையும் படகையும் வீட்டையும் இழந்த குடும்பத்துக்கு அத்தேர்வுச் சித்தி எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. எனவே பிழைப்புக்காக மொழி கற்பதை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. கட்டளையை விளங்கிக்கொள்வதோடு கல்வி நின்றுவிடலாமா என்பதே இங்கு எழும் வினா.

கொரிய மொழித்திறன் ஆறு தரங்களாக வகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் மூன்றாம் நான்காம் தரங்கள் இடைநிலையாகும். இந்நிலையின் இயல்பை ஆராயுமுன், தமிழரிடையே செல்வாக்குப் பெற்றுள்ள ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். இரு மொழிகளிலும் ‘அப்பா’ உண்டு. நாளுக்கு ‘நல்’, புல்லுக்கு ‘புல்’ என அங்கும் வழங்குவர். ஹோமர் ஹல்பர்ட் 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்று எழுதினார். 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான ‘சம்குக் யுசா’ கூறும், அயுத நாட்டிலிருந்து கடல்வழி வந்த அரசியின் கதையைத் தமிழகத்தோடு இணைப்பாரும் உளர். ஆயினும் இவ்விரு மொழிகளும் ஒரு குடும்பத்தன என்னும் கருத்தை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. சொற்பட்டியலைக் காட்டிப் பழம்பெருமை பேசுவது கொரியரையும் விளக்காது, எம்மையும் விளக்காது.

உறவு உண்டோ இல்லையோ, அமைப்பு நிலையிலான ஒப்புமை கற்பித்தலுக்குப் பெரிதும் பயன்படத்தக்கது. அது வெளிப்படுவதும் இடைநிலையிலேயே. தொடக்க நிலையிலே மாணவர் தனி வாக்கியங்களைப் பயில்வர். இடைநிலையிலே வாக்கியத்துள் வாக்கியத்தை அடக்கப் பயில்வர். ‘மொகுன் பாப்’ என்பது ‘உண்ட சோறு’; பெயரெச்சம் எம்மொழியிற்போலவே பெயருக்கு முன் நிற்கின்றது. ‘மொகொ பொதா’ என்பது சொல்லுக்குச் சொல் ‘உண்டு பார்த்தல்’. காண்டலைக் குறிக்கும் வினையே முயன்றறிதலையும் உணர்த்துகின்றது. பிறர் கூற்றை எடுத்துரைக்கும் ‘தாகொ’ என்னும் ஈறு எமது ‘என்று’ செய்யும் பணியினைச் செய்கின்றது. ஆங்கில வழியிலே பல பாடங்களில் விளக்கவேண்டிய இவற்றைத் தமிழ்வழியிலே சில எடுத்துக்காட்டுக்களால் உணர்த்திவிடலாம். வேற்றுமையும் உண்டு. கொரிய வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. ஆனால் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலான படிநிலையை நுணுக்கமாகக் காட்டும்.

இவ்விலக்கணச் செய்திகளுக்குச் சமூகப் பொருள் உண்டு. தனக்கு இடப்பட்ட கட்டளையை விளங்கிக்கொண்ட தொழிலாளி, அது மரியாதை வடிவிலே கூறப்பட்டதா, தாழ்த்தும் வடிவிலே கூறப்பட்டதா என்பதையும் அறிதல் வேண்டும். கூலி குறைக்கப்பட்டால், ‘தருவேன் என்று கூறினார், இன்ன காரணத்தால் தரவில்லை’ என முறையிட வல்லவராதல் வேண்டும். வேலைத்தலத்தை விரும்பியவாறு மாற்ற இடமளிக்காத முறையொன்றிலே, இவ்வாற்றல் ஆடம்பரமன்று, உரிமையின் முதற்கருவி. ‘என்று’ என்பதன் கொரிய வடிவத்தை அறியாதவர் சாட்சி சொல்ல இயலாதவர். தேர்வுக் கல்வி அவரைக் கேட்பவராக்குகின்றது. இடைநிலைக் கல்வியே சொல்பவராக்கும்.

இலக்கியத்துக்கும் இது பொருந்தும். 2024ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஹான் காங் 1970இல் குவாங்ஜு நகரிலே பிறந்தவர். அந்நகர மக்களின் எழுச்சியை இராணுவம் 1980 மே மாதத்திலே குருதியில் அடக்கியதை 2014இல் வெளியான நாவலிலே அவர் பொருளாக்கினார். அதன் பெயர் ‘சொன்யொனி ஒந்தா’. ‘சிறுவன் வருகின்றான்’ என்பது பொருள். ஆங்கிலப் பதிப்போ ‘மனிதச் செயல்கள்’ எனப் பொருள்படும் வேறு தலைப்பைப் பெற்றது. வந்துகொண்டிருக்கும் சிறுவன் அத்தலைப்பில் மறைந்துபோனான். முதல் அத்தியாயம், கொல்லப்பட்டோரின் உடலங்களருகே பணிபுரியும் சிறுவனை ‘நொ’ என விளித்துச் செல்கின்றது. ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல் அவ்விளியின் நெருக்கத்தைக் காட்டமாட்டாது. நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளை நாள்தோறும் வழங்கும் வன்னி வாசகருக்கு அது ‘நீ’ என்பது உடனே புலப்படும்.

குவாங்ஜு எழுச்சி தொடங்கிய நாள் மே 18. முள்ளிவாய்க்காலிலே போர் முடிந்த நாளும் 2009 மே 18. இரு வரலாறுகளும் ஒன்றல்ல, காரணங்களும் வேறு. அங்கு 1997 முதல் அந்நாள் அரச நினைவுநாளாயிற்று என்பதும் கருத்திற்கொள்ளத்தக்க வேறுபாடே. எனினும் இறந்தோரைப் பற்றி எவ்வாறு எழுதுவது என்னும் வினாவுக்கு அச்சமூகம் கண்ட விடையை எமது மாணவர் மூலமொழியிலே அணுகுதல் வேண்டாமா? இடைநிலை முடித்தவர் அந்நாவலைத் தடையின்றி வாசித்துவிடுவார் என்பதன்று; அகராதியோடும் ஆசிரியரோடும் வாசிக்கத் தொடங்கலாம் என்பதே.

இதற்குரிய நிறுவனம் எது? களனிப் பல்கலைக்கழகத்திலே கொரிய மொழி கற்பிக்கப்படுகின்றது. 2021 ஆகஸ்டிலே தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் ஆகிய மூன்று பீடங்களுடன் தொடங்கிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் விவசாயம், பொறியியல், தொழினுட்பம் ஆகியவற்றையே அமைத்தது. கலைப்பீடமின்றி வளர்ந்த இவ்வுயர்கல்வியில் மொழிக்கல்வி துணைப்பாடமாகவேனும் இடம்பெறுதல் வேண்டும். தமிழும் கொரியமும் அறிந்த ஓர் ஆசிரியர், தமிழ்வழிப் பாடநூலொன்று, கற்றுத் திரும்பிய தொழிலாளரின் அனுபவம் ஆகிய மூன்றும் கூடின் தொடக்கம் செய்தல் இயலும். உழைப்பை மட்டும் ஏற்றுமதி செய்யும் நிலம், அவ்வுழைப்பாளியின் வாக்குமூலத்துக்கான மொழியையும் அவர்க்கு வழங்கக் கடமைப்பட்டுள்ளது.