நெய்தலுக்குப் புறத்தே நின்றவர்கள்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்தி கட்டி, உப்புநீர் பாய்ச்சி, கோடை வெயிலில் உப்பு வாருகிறவர்களால் உருவான நிலம் இது. நிலத்தை அழகாகக் காட்டிய கலை மரபுகள் இத்தகைய உழைப்பாளிகளை எங்கே நிறுத்தின?

முதல் இலக்கணம் நம்முடையது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து ஐந்திணையை வகுத்த தொல்காப்பிய அகத்திணையியல், அடியோரையும் வினைவலரையும் அந்த ஐந்துக்கும் புறத்தே தள்ளியது. ஒருதலைக் காதலான கைக்கிளையும் பொருந்தாக் காதலான பெருந்திணையுமே அவர்களுக்கு. இளம்பூரணர் காரணமும் சொல்கிறார்: பிறர் ஏவல் செய்வோர் அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் ஒழுகுவது அரிது, நாணும் அவர்களுக்குக் குறைவு. எவ்வளவு பெரிய உரையாசிரியர் சொன்னாலும் இது அநீதியான தீர்ப்பு. நல்லவேளை, பாட்டுகள் இலக்கணத்துக்கு முழுக்கக் கட்டுப்படவில்லை. உப்பு வண்டி ஓட்டிய உமணரும் பரதவர் மகளிரும் கடலோரத் திணையான நெய்தலில் உயிரோடு நடமாடுகிறார்கள். மருதக்கலியில் ஒரு கூனியும் குறளனும் காதல் பேசுகிறார்கள், நகைப்புக்கு உரியவர்களாகவே என்றாலும்.

உழைப்பாளிகளைப் புறத்தே நிறுத்தும் அதே காரியத்தை ஆங்கிலேய மரபு வேறு வழியில் செய்தது. கெயின்ஸ்பரோ 1750 வாக்கில் தீட்டிய ஆண்ட்ரூஸ் தம்பதியர் ஓவியத்தில் அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள் உண்டு. அறுத்தவர் ஒருவரும் இல்லை. பாடுபடும் தொழிலாளியைவிடச் சும்மா நிற்கும் குடியானவனே படத்துக்குப் பொருத்தம் என்று விதி வகுத்தார் காட்சியழகு பற்றி எழுதிய வில்லியம் கில்பின். இந்த அளவுகோலோடுதான் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-93இல் தென்னாட்டில் சுற்றி மாமல்லபுரம் வந்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளியான அவர்களுடைய 144 அச்சோவியங்களில் கல்லும் கோபுரமும் துல்லியம். நம் மக்களோ பெரும்பாலும் கட்டடத்தின் உயரத்தை உணர்த்த நிற்கும் சிற்றுருவங்கள்.

1850இல் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் நீர்வண்ண நிலக்காட்சி செழித்தது. அங்கே முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். 1959 முதல் மெரினாவில் நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். கடற்கரைக் காட்சியின் நடுவிலேயே உழைப்பு வந்து நின்றது. அவர் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியபோது, நவீன ஓவியம் நம் கடலோரத்துக்கே குடிவந்தது.

இன்றும் நம் பள்ளிகளில் ‘இயற்கைக் காட்சி’ என்றால் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை என்று வரைகிறார்கள். கேளம்பாக்கத்தில் மலை ஏது? ஓவிய ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உப்பு வாரும் பருவத்தில் பிள்ளைகளை அளத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் பெயர் கேட்டு, முகம் பார்த்து வரையச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அந்தப் படத்துக்குக் கொடுங்கள்.